டெல்லி வெயிலுக்கு வீட்டிலேயே பழ, மூலிகைப் பானங்கள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் தேர்வு முடிந்து ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் வந்து இறங்குகின்றன. சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இது வேறு வகை வெயில். சென்னையில் சட்டை நனைவதை வைத்தே எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே மே, ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கும் 'லூ' என்ற வறண்ட அனல் காற்று, வியர்வையை வந்த வேகத்திலேயே உலர்த்திவிடும். உடம்பில் நீர் குறைவது வெளியே தெரியாது. மாலையில் தலைவலி வந்த பிறகுதான் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடி என்றால் பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள், பெரியவர்களுக்கும் அலுத்துவிடும். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் எல்லோரையும் போல நன்னாரி, நுங்கு, பதநீர் என்று தேடி அலைந்தேன். பதநீருக்கு வழியே இல்லை. நுங்கு எங்காவது கண்ணில் பட்டாலும் முற்றிப்போய், விலையும் அதிகமாக இருக்கும். அதே நேரத்தில் வீட்டு வாசலிலேயே தள்ளுவண்டியில் வில்வப்பழமும், ஃபால்சா என்ற சிறு கருஞ்சிவப்புப் பழமும் போய்க்கொண்டிருந்தன. இந்த ஊர்ப் பழங்களை நம் வீட்டுப் பக்குவத்தில் போட்டால் செலவு குறைவு, அலைச்சல் இல்லை, ருசியும் நம் நாக்குக்கு ஒத்துவருகிறது. ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: ஒவ்வொரு பழத்துக்கும் இங்கே சில வாரங்கள்தான் காலம். அந்த வாரங்களில் போட்டு வைக்க வேண்டும்.

1. எது எப்போது வரும்

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மார்ச், ஏப்ரலில் முசுக்கொட்டைப் பழம் வரும். இங்கே ஷஹ்தூத் என்பார்கள். மிகக் கொஞ்ச நாள்தான். பச்சை மாங்காய் ஏப்ரலில் தொடங்கி ஜூன் கடைசிவரை கிடைக்கும். வில்வப்பழமும் ஏறக்குறைய அதே காலம்தான். ஃபால்சா மே நடுவில் வந்து ஜூனில் முடிந்துவிடும், நடுவில் ஒரு மழை பெய்தால் அதற்கும் முன்னாலேயே போய்விடும். நாவல்பழம் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். குளிர்காலத்தில் நெல்லிக்காய், கின்னு ஆரஞ்சு, கருப்பு கேரட்.

எலுமிச்சை வருடம் முழுக்கக் கிடைத்தாலும் அதன் விலைதான் விஷயம். நமக்கு மிகவும் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அது ஏறும். 2022 ஏப்ரலில் டெல்லியில் கிலோ 300 ரூபாயை எட்டியது. குளிர்காலத்தில் மலிவாக இருக்கும்போது இரண்டு கிலோ வாங்கிப் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு பழத்தின் சாறு. கோடை முழுக்க அந்தக் கவலை இருக்காது.

2. எங்கே வாங்குவது, என்ன சொல்லிக் கேட்பது

பழத்துக்கு உங்கள் பகுதியின் வாரச் சந்தைதான் நல்ல இடம். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கிழமை உண்டு. அந்தக் கிழமையின் பெயரையே சேர்த்து சோம் பஜார், புத் பஜார் என்பார்கள். மாலையில் கடை விரிப்பார்கள், இரவு ஒன்பது மணி வாக்கில் போனால் மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். பன்னா என்ற பச்சை மாங்காய்ப் பானத்துக்கு மாங்காய் வாங்க அந்த நேரம் சரி. ஃபால்சாவுக்குச் சரியில்லை, அது பகல் வெயிலில் வாடி, இரவுக்குள் புளித்துப் போயிருக்கும். ஃபால்சாவைக் காலையில் வரும் தள்ளுவண்டியில்தான் வாங்க வேண்டும். மதர் டெய்ரியின் சஃபல் கடைகளில் பேரம் கிடையாது, எடை சரியாக இருக்கும். ஹிந்தி வராத முதல் மாதத்துக்கு அது பெரிய நிம்மதி.

நம் ஊர்ச் சாமான்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். தில்லி ஹாட் - ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. ஆர்.கே. புரம், முனிர்கா, மயூர் விஹார் பக்கம் இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்துத் தென்னிந்திய மளிகைக் கடைகளிலேயே பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

வேர், மூலிகை, மசாலாவுக்கு பழைய டெல்லியில் காரி பாவ்லி. சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதியை ஒட்டிய தெரு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சிறு அளவில் கொடுக்கும் கடைகளும் உண்டு, மொத்தமாக மட்டும் விற்கும் கடைகளும் உண்டு. வாசலிலேயே கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கடையில் கேட்கும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கும்.

வெட்டிவேர் வேண்டுமென்று 'கஸ்கஸ்' என்று கேட்டால் கசகசாவை எடுத்து நீட்டுவார்கள். அதன் விலையைப் பார்த்தால் மயக்கமே வரும். 'கஸ் கீ ஜட்' என்று கேளுங்கள், வேர் என்று புரிந்துகொள்வார்கள். ஏர்கூலருக்கு விற்கும் கஸ் தட்டியைப் பிரித்துக் குடிதண்ணீரில் போடாதீர்கள். அது குடிப்பதற்காகச் சுத்தம் செய்யப்பட்டதல்ல.

நன்னாரிக்கு இங்கே அனந்த்மூல் என்று பெயர். வாங்கும் முன் ஒரு வேரை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மணம் உடனே தூக்கலாக வர வேண்டும். வராவிட்டால் பழைய சரக்கு, எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது நன்னாரி சர்பத் ஆகாது.

காலா நமக் என்பதும் நாம் சொல்லும் இந்துப்பும் ஒன்றல்ல. இந்துப்பு இங்கே சேந்தா நமக், விரதத்துக்கு வாங்குவது. காலா நமக் பொடி இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், வேகவைத்த முட்டையின் மணத்தோடு இருக்கும். முதலில் அந்த மணம் பிடிக்காது. ஆனால் பன்னாவுக்கும் நாவலுக்கும் அந்த உப்புதான் உயிர், கொஞ்சமாகப் போட்டுப் பழகுங்கள்.

3. தண்ணீர், பாத்திரம், பாட்டில்

டெல்லியில் பல பகுதிகளில் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது. அதில் போட்ட சர்பத்தில் ஒரு சப்பென்ற ருசி தங்கும். ஆர்ஓ தண்ணீரோ கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஐஸும் அதே தண்ணீரில் வீட்டிலேயே போட்டதாக இருக்கட்டும். வெளியில் விற்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது என்று யாருக்கும் தெரியாது. கோடையில் வயிற்றுக் கோளாறுக்கு அது ஒன்றே போதும்.

புளிப்புள்ள எதையும் அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். எவர்சில்வர் போதும். சேமித்து வைக்கக் கண்ணாடி பாட்டில். பழைய ஜாம், ஊறுகாய் பாட்டில்களைத் தேய்த்துக் கழுவி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அதில் மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். மூடியில் ஊறுகாய் வாசனை போகவில்லை என்றால் அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கூடவே ஒரு மண்பானை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே மட்கா என்பார்கள். நம் கடற்கரை ஊர்களைவிட டெல்லியின் வறண்ட மே மாதத்தில் பானைத் தண்ணீர் மிக நன்றாகக் குளிரும், ஏனென்றால் காற்றில் ஈரமில்லாததால் பானையின் வெளிப்பக்கம் கசியும் நீர் வேகமாக ஆவியாகிறது. ஜூலையில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் அந்தக் குளிர்ச்சி குறைந்துவிடும். பானையில் குறை ஒன்றும் இல்லை.

4. சர்க்கரைக் கணக்கு

பெரும்பாலான குறிப்புகளில் 'தேவையான அளவு சர்க்கரை' என்று மட்டும் இருக்கும். எவ்வளவு நாள் வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த அளவு மாறும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

எடைக் கணக்கில், 1 கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீரோ சாறோ சேர்த்தால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. கடையில் விற்கும் சர்பத்துக்கும் ஏறக்குறைய இதே அளவு, அதாவது குறைந்தது 65 சதவீதக் கரைபொருள் இருக்க வேண்டும் என்பதே விதி. இந்த அடர்த்தியில் கிருமிகள் வளரத் தேவையான நீர் கிடைக்காது. சுத்தமான பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். சரிக்குச் சரி, அதாவது அரைக் கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் என்றால் 50 சதவீதம்தான். அதை ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கும் குறைவாகப் போட்டால் நான்கைந்து நாள்.

சர்க்கரை குறைவாக வேண்டும், நாளும் தாங்க வேண்டும் என்றால் ஒரே வழி ஃப்ரீசர்தான். பழக்கூழைச் சர்க்கரை இல்லாமலே ஐஸ் தட்டில் உறைய வைத்து, குடிக்கும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் உங்கள் பகுதியில் கோடையில் மணிக்கணக்கில் மின்வெட்டு உண்டா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். உருகி மறுபடி உறைந்த கூழை வைத்துக்கொள்ளக் கூடாது.

பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் வேண்டியதில்லை. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்து, மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டால் போதும். அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டால் பின்னால் பாட்டிலில் கல்கண்டு போல உறையாது.

வெல்லம் போடுவதாக இருந்தால் உத்தரப் பிரதேச வெல்லம்தான் இங்கே எங்கும். குளிர்காலத்தில் வருவது புதிது. பளீரென்ற மஞ்சளை விட்டுவிட்டுப் பழுப்பாக இருப்பதை எடுங்கள். கரைத்துத் துணியில் வடிகட்டாமல் போடவே கூடாது, மண் இருக்கும்.

5. பச்சை மாங்காய் பன்னா

முதலில் இதைப் போடுங்கள். செலவும் குறைவு, தவறிப்போகவும் வாய்ப்பில்லை. சந்தையில் 'கச்சா ஆம்' என்று கேளுங்கள். ஜூனில் ஊறுகாய்க்காக ராம்கேலா என்ற வகை குவியும். புளிப்பு அபாரம், ஆனால் நார் அதிகம், கூழைச் சல்லடையில் தேய்க்க வேண்டியிருக்கும்.

1 கிலோ மாங்காயைக் கழுவி, காம்புப் பக்கத்தைச் சீவிவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பால் வெளியேறிவிடும். இதைச் செய்யாவிட்டால் தொண்டையில் ஓர் அரிப்பு இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தோலோடு முழுதாகக் குக்கரில் வைத்து இரண்டு விசில். கை பொறுக்கும் அளவு ஆறியதும் தோலை உரித்துக் கொட்டையைப் பிழிந்தால் அரைக் கிலோ அளவு கூழ் கிடைக்கும். சூடு இருக்கும்போதே 600 கிராம் சர்க்கரையைச் சேர்த்துக் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி வறுத்த சீரகப் பொடி, இரண்டு தேக்கரண்டி காலா நமக், ஒரு தேக்கரண்டி சாதா உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் போட்டுக் கலந்து பாட்டிலில் ஊற்றுங்கள். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி.

புதினாவை இதோடு அரைத்துச் சேர்க்கச் சொல்வார்கள். அன்றே குடித்து முடிப்பதாக இருந்தால் சரி. சேமித்து வைக்கும் பன்னாவில் புதினா இரண்டு நாளில் கருத்து, பன்னாவும் சீக்கிரம் கெடும். குடிக்கும்போது நான்கு இலையைக் கையால் கசக்கிப் போடுங்கள்.

செலவைப் பாருங்கள். மாங்காய் 60 ரூபாய், சர்க்கரை 30, மற்றவை 20 என்று வைத்தாலும் 110 ரூபாய்க்கு 20 டம்ளருக்கு மேல் வரும். டம்ளருக்கு ஐந்து, ஆறு ரூபாய். ஆனால் சர்க்கரையையும் கணக்குப் பாருங்கள், ஒரு டம்ளரில் 27 கிராம் அளவு போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு நல்லது என்று சொல்லும் சேர்ப்புச் சர்க்கரையே 25 கிராம்தான். அதனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் 300 கிராம் போட்டு, நான்கைந்து நாளுக்கு வேண்டியது போக மிச்சத்தை ஃப்ரீசரில் வையுங்கள். புளிப்பு தூக்கலான பன்னாதான் வெயிலுக்கு இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

6. வில்வப்பழச் சர்பத்

நமக்கு வில்வம் என்றால் சிவன் கோயில் அர்ச்சனை இலை. பழத்தைக் குடிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. இங்கே வெயில் ஏறியதும் தெருவுக்குத் தெரு 'பேல் கா சர்பத்' வண்டி நிற்கும். இது விளாம்பழம் அல்ல, உள்ளே புளிப்பில்லாமல் ஆரஞ்சு மஞ்சள் நிறச் சதையோடு இனிப்பாக இருக்கும்.

பச்சை முழுக்கப் போய் மஞ்சளான, கனமான, காம்புப் பக்கம் முகர்ந்தால் மணக்கிற பழமாகப் பொறுக்குங்கள். ஓட்டில் விரிசல் இருந்தால் வேண்டாம், உள்ளே புழு இருக்கலாம். உலக்கையாலோ குழவியாலோ ஓங்கி ஒரு தட்டு தட்டி உடைத்து, சதையைக் கரண்டியால் தோண்டி எடுத்து, அதுபோல இரண்டு மடங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கையால் பிசையுங்கள். மிக்ஸியை எடுக்கவே எடுக்காதீர்கள். விதையும் அதைச் சுற்றியுள்ள பசையும் அரைபட்டால் சர்பத் முழுக்கக் கசந்துவிடும், அதைத் திருத்த வழியில்லை. பெரிய கண் உள்ள வடிதட்டில் வடிகட்டுங்கள். டீ வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வண்டிக்காரர்கள் சர்க்கரையும் சீரகமும் போடுவார்கள். நான் பானகம் போலவே செய்கிறேன்: வடிகட்டிய வெல்லத் தண்ணீர், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, சில சொட்டு எலுமிச்சை. வில்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான பக்குவம் கிடையாது. பழம் இனிப்பாக இருந்தால் வெல்லமே கொஞ்சம் போதும். நடுத்தரப் பழம் ஒன்றில் ஆறு டம்ளர் வரும். இதைச் சேமிக்க முயல வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழகொழவென்று கெட்டியாகும், அன்றன்றே குடித்துவிடுங்கள்.

7. ஃபால்சாவும் நாவலும்

ஃபால்சா மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கருஞ்சிவப்பு உருண்டை. விலை அதிகம், கால் கிலோ கணக்கில்தான் வாங்குவார்கள். வாங்கிய அன்றே பயன்படுத்த வேண்டும், மறுநாள் பாதி அழுகிவிடும். கால் கிலோவைக் கழுவி, 100 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி காலா நமக், ஒரு கப் தண்ணீர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டி, இன்னும் இரண்டரை கப் குளிர்ந்த தண்ணீர் விட்டால் நான்கு டம்ளர். இதற்கும் மிக்ஸி கூடாது, காரணம் வில்வத்துக்குச் சொன்னதுதான். வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை போகாது.

நாவல்பழம் காலத்தில் புது டெல்லியின் அசோகா ரோடு, துக்ளக் ரோடு பக்கம் போனால் சாலையோர மரங்களிலிருந்து உதிர்ந்து நடைபாதையே ஊதாவாக இருக்கும். அந்த மரங்களில் பறிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கீழே துணி விரித்துப் பிடித்து, அங்கேயே விற்கிறார்கள். புதிதாக இருக்கும், ஆனால் வாகனப் புகை படிந்தது, உப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். அரைக் கிலோ பழம், கால் கிலோ சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மசித்துக் கொட்டை நீக்கி, வடிகட்டி, ஆறியதும் ஒரு எலுமிச்சைச் சாறு, காலா நமக், சீரகப்பொடி. மும்பைக்காரர்கள் சொல்லும் காலா கட்டா சர்பத் இதற்கு நெருங்கிய சொந்தம். ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள்.

8. இஞ்சி, எலுமிச்சை, புதினா

விருந்தாளி வந்தால் இரண்டு நிமிடத்தில் கொடுக்க இந்த ஒரு பாட்டில் இருந்தால் போதும். 50 கிராம் இஞ்சியைத் தோல் சீவி அரைத்துப் பிழிந்து, சாற்றை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே உள்ள தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகு இஞ்சித் தெளிவும் கால் லிட்டர் எலுமிச்சைச் சாறும். சூட்டில் எலுமிச்சை விட்டால் மணம் போய்விடும். பழத்தைத் தோல் நசுங்கும்வரை பிழியாதீர்கள், கசப்பு இறங்கும். ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் தாராளமாக இருக்கும்.

புதினாவை அரைக்க வேண்டியிருந்தால் இரண்டு ஐஸ் கட்டியோடு மிக்ஸியில் போடுங்கள். சூடு ஏறாததால் பச்சை நிறம் நிற்கும். தொட்டியில் வளர்ப்பதும் எளிது. கடையில் வாங்கிய கட்டில் நாலு தண்டை எடுத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் மே, ஜூனில் மேற்கு பார்த்த பால்கனியில் வைத்தால் ஒரே பகலில் கருகிவிடும். கற்பூரவல்லியும் அப்படித்தான். கிழக்குப் பக்கத்து நிழலுக்கு மாற்றி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள்.

சப்ஜா விதை போடுவதாக இருந்தால் ஒரு தேக்கரண்டியை ஒரு கப் தண்ணீரில் 15, 20 நிமிடம் முழுக்க உப்பவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். காய்ந்த விதையை அப்படியே குழந்தைகளுக்குக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

9. நன்னாரியும் வெட்டிவேரும்

இது இல்லாமல் நமக்குக் கோடை நிறைவாகாது, அதனால் வருடத்துக்கு ஒரு முறை போட்டு வைத்துக்கொள்கிறேன். 50 கிராம் நன்னாரி வேரை மண் போகக் கழுவி, இடித்து, நடுவில் உள்ள கட்டையை எடுத்துப் போட்டுவிடுங்கள். மணம் பட்டையில்தான் இருக்கிறது. 600 மில்லி நன்கு கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், சர்பத்தில் மணம் மிஞ்சாது. காலையில் வடிகட்டினால் அரை லிட்டர் வரும். அதில் 1 கிலோ சர்க்கரையை இளஞ்சூட்டில் கரைத்து, ஒரு எலுமிச்சைச் சாறு விட்டு ஆறவையுங்கள். நிறம் இளம் பழுப்பாகத்தான் இருக்கும். கடைச் சர்பத்தின் கருமையை எதிர்பார்த்து இன்னும் காய்ச்ச வேண்டாம்.

வெட்டிவேருக்கு அடுப்பே தேவையில்லை. ஒரு கைப்பிடி வேரைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, மெல்லிய துணியில் கட்டிப் பானையில் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். மணம் குறைந்ததும் மாற்றிவிடுங்கள்.

10. கெட்டுப்போனதை எப்படி அறிவது, யார் கவனமாக இருக்க வேண்டும்

பாட்டிலைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ, மேலே நுரை நின்றாலோ, புளித்த வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். ஓரத்தில் பூசணம் இருந்தால் அதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிப்பது ஆபத்து. மே மாதத்தில் கெடாத அதே சர்பத் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் வெளியில் ஒரு பகல் இருந்தாலே நுரைக்கும். மழைக்காலத்தில் சிறிய பாட்டில்களாக ஊற்றி வைப்பது நல்லது. ஈரக் கரண்டி போடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லமும் தேனும் சர்க்கரைதான். அவர்களுக்கு உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோரே சிறந்தது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காலா நமக்கின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது.

வெயிலில் போய் வந்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பன்னாவை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் வாங்குங்கள். கைவசம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை சுற்றிப் பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால், உடனே மருத்துவமனை. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

11. விற்க நினைத்தால்

பன்னா நன்றாக வந்துவிட்டால் குடியிருப்பில் கேட்கத் தொடங்குவார்கள். பண்டிகை விழாவில் ஒரு மேசை போடலாமே என்றும் தோன்றும். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பது வேறு. காசு வாங்கினால், வீட்டுச் சமையலறையில் செய்தாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சிறு அளவில் செய்பவர்களுக்கு இருப்பது அடிப்படைப் பதிவு. ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் ஏ படிவத்தை நிரப்ப வேண்டும். ஒரு புகைப்படம், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை, செய்யும் இடத்தின் முகவரிக்கான சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தின் நகலும் வீட்டுக்காரரின் சம்மதமும் கையில் இருப்பது நல்லது. அடையாள அட்டையில் இன்னும் ஊர் முகவரியே இருக்கிறதென்றால் முதலில் அதை மாற்றிவிடுங்கள், அங்கேதான் பலருக்குத் தடங்கல் வருகிறது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற அளவில்தான் இருந்துவருகிறது. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ள தொகையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் விற்க வேண்டுமானால் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஆய்வுக்கு வருவதாகச் சொன்னால் நாள் இழுக்கும்.

தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். அதே படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் பானத்தின் பெயர், சேர்த்த பொருள்கள், அளவு, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் குடிக்க வேண்டும், உங்கள் பெயர், முகவரி, பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி ஆகியவை இருக்க வேண்டும். வில்வத்தையும் ஃபால்சாவையும் பாட்டிலில் அடைத்து விற்காதீர்கள், அவை வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். முதல் வருடம் பன்னாவும் இஞ்சி எலுமிச்சையும் போதும்.